மஞ்சள் பெட்டிக்குள் போன சட்டை

போன சனிக்கிழமை மத்தியானம், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், பழைய உடுப்புப் போடும் மஞ்சள் பெட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு ஒரு கிழவன் நின்றான். உங்களில் யாராவது பார்த்தீர்களா? பாவம் என்று நினைத்துக் கடந்து போனீர்களா?

அது நான்தான். வாராவாரம் இந்தப் பத்திரிகை மூலையில் இருந்து உங்களுக்குப் புத்தி சொல்கிற அதே ஆள்.

என் பேத்தி சோபியாவுக்கு எட்டு வயது. மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் சாரணர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஊரில் குருளைச் சாரணர் என்போமே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வாக்குறுதி எடுத்து, கழுத்தில் ஸ்காஃப் கட்டிக்கொள்ள வேண்டும். வான நீலச் சட்டை, பச்சைத் தொப்பி, சட்டைக் கையில் சின்னம்... இரண்டு மாதமாக வீட்டில் வேறு கதை இல்லை.

இங்கே, சிசிலியில், ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டால் அந்தச் சட்டை அடுத்த பிள்ளைக்குப் போகும். பிள்ளை தானே வென்ற சின்னங்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். குழுவின் சின்னம் சட்டையிலேயே இருக்கும்.

புதன்கிழமை என் மகள் ரெஜினா அப்படியொரு சட்டையைப் பையில் கொண்டுவந்தாள். நான் காலரைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே மையால் ஒரு பெயர் - லொரென்சோ.

எனக்குத் தெரிந்த பெயர். மகள் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, அந்த சிஞ்ஞோராவின் மகன்.

அந்த வீட்டுத் தரையை என் மகள் துடைக்கிறாள். அந்தப் பெடியன் கழித்துப்போட்ட சட்டையை என் பேத்தி போடுவதா? முப்பது வருடம் மன்னாரில் ஆசிரியராக இருந்தவனின் பேத்தி?

ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மருமகன் ரவி துறைமுகத்தில் பயணிகள் கப்பல் துடைக்கிற மனிதர். "மாமா, உங்கடை பெருமையைச் சட்டியிலை போட்டுக் காய்ச்சேலுமே?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஆகவே மதிப்பான ஒரு காரணம் தேவைப்பட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "சின்னப் பிள்ளைக்குச் சீருடை, சின்னம், சத்தியம்... எனக்கு அங்கை நடந்தது ஞாபகம் வருது. மனம் கேக்குதில்லை."

ரவி வன்னிக்காரர். அவர் இங்கே வந்து சேர்ந்த பிறகு, அங்கே கடைசித் தங்கையைப் போருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிச் சீருடையில் போனவள். பிறகு வேறொரு சீருடையில் எடுத்த ஒரு படம் வந்தது. அவள் வரவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ரவி கையைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுத்தார். "ஓம் மாமா," என்றார். "எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. நான் சொல்லேல்லை. வேண்டாம், விடுவம்."

"பெர்க்கே, அப்பா?" என்றாள் சோபியா. ஏன் என்று கேட்கிறாள். நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால்சாப் பகுதியிலிருந்து துறைமுகம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வீட்டில் ரவி பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனார். பிள்ளை ஒருவருக்கும் தெரியாமல் சட்டையைப் போட்டு, கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றாள். சட்டை கண்ணில் படுவதால்தானே இவ்வளவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வீட்டில் ஆளில்லை. சின்னம் குழுவுக்குச் சொந்தம், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிளேடால் பிரித்து மேசையில் வைத்தேன். எவ்வளவு நேர்மை, பாருங்கள். பொடிப்பொடியான, நெருக்கமான தையல். பிரிக்க அரை மணி நேரம் பிடித்தது. சட்டையைக் கொண்டுபோய் அந்த மஞ்சள் பெட்டியில் தள்ளினேன். எங்கள் தெருவிலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் அங்கே தெரிந்தவர்கள் பார்ப்பார்களே...

மத்தியானம் ரெஜினா வேலையால் வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"இதை ஆர் பிரிச்சது?"

"நான்தான். சட்டையை ஸ்தாசியோனே பக்கத்துப் பெட்டியிலை போட்டிட்டன். எங்களுக்கு என்னத்துக்கு அவையின்ரை கழிசல்?"

அவள் சின்னத்தைத் திருப்பி, அறுந்த நூலைத் தடவினாள். "இது நான் தைச்சது, அப்பா. மூண்டு வருசம் அந்தச் சட்டையைத் தோய்ச்சு அயர்ன் பண்ணினது நான். ஒவ்வொரு சின்னமும் நான்தான் தைச்சனான். தைக்கேக்கையே நினைச்சனான், என்ரை பிள்ளையும் ஒருநாள் போடவேணும் எண்டு. சிஞ்ஞோரா தானாத் தரேல்லை. நான் கேட்டு வாங்கினது."

"எனக்குத் தெரியாதே, பிள்ளை."

"கேட்டனீங்களே?"

நான் படியிறங்கினேன்.

அந்தப் பெட்டிகளின் வாய் எப்படி என்று தெரியுமா? போடலாம், எடுக்க முடியாது. கையை விட்டேன். விரலுக்கு ஏதேதோ துணி தட்டுப்பட்டது, எங்கள் சட்டை மட்டும் இல்லை. இழுத்தபோது கடிகாரப் பட்டி தகட்டில் மாட்டிக்கொண்டது. மேலே பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட சிசிலியக் கிழவி தன் பாஷையில் தாத்தா என்று கூப்பிட்டுச் சொன்னாள்: "நோன்னோ, முழுசாக உள்ளே போய்விடு. திங்கட்கிழமை லொறி வந்து கூட்டிக்கொண்டு போகும்."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ரவி. ரெஜினா போன் பண்ணியிருக்கிறாள்.

"மாமா, என்ன செய்யிறியள்?"

கை உள்ளே மாட்டியிருக்கிற ஒருவன் எங்கே ஓடுவான்? சொன்னேன். சட்டை யாருடையது என்று கண்டது, என் பெருமை, மேசையில் சொன்ன பொய், எல்லாம்.

"அப்ப... ஞாபகம் வந்ததெண்டது?"

"வரேல்லை, தம்பி. சாட்டுக்குச் சொன்னனான்."

அவர் கையை உள்ளே விட்டு என் கடிகாரத்தைக் கழற்றினார். கை வெளியே வந்தது. கடிகாரம் உள்ளே விழுந்தது.

"எனக்குப் பயம் இருக்கு, மாமா. உண்மையாவே இருக்கு. ஆனா அது என்ரை. நீங்கள் அதை எடுத்துப் பாவிக்கக்கூடாது. பிள்ளை நாளைக்குப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சோபியா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு போனாள். சின்னத்தை ரெஜினா அந்தச் சட்டைக் கையில் ஊக்கால் குத்திவிட்டிருந்தாள். குழுவின் தலைவி ஓர் இளம் பெண். சட்டை எங்கே என்று கேட்டாள். நான் எறிந்துவிட்டேன் என்றேன். என்னை ஒருமுறை பார்த்தாள். "வாக்குறுதியைச் சட்டையா எடுக்கப்போகிறது?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ரவி உள்ளே வரவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. வாசலில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

முடிந்ததும் சோபியா ஓடிவந்தாள். கழுத்தில் புது ஸ்காஃப். ரவி குனிந்து அதன் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"இறுக்குதே, அம்மா?"

"இல்லையப்பா. காணும், விடுங்கோ."

அப்போதும் அவர் முடிச்சை விடவில்லை.

ரவி இன்னும் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

பிறத்தியாரின் சட்டை என் வீட்டுக்கு வேண்டாம் என்றவன் நான். பிறத்தியாரின் துக்கத்தை மட்டும், அளவுகூடப் பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.