குடலைப் பதனிட்ட கதை

எனக்கு வைத்தியம் தெரியும் என்று ஆம்பூரில் முதலில் சொன்னவன் நான்தான். வேறு யாருமே அதைச் சொன்னதில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. தோல் தொழிற்சாலையில் ரைட்டர் உத்தியோகம், அலமாரியில் மூன்று வைத்திய நூல்கள், எதைத் தின்றாலும் நெஞ்சு கரிக்கிற வயிறு. இவ்வளவும் இருந்தால் ஒருவனுக்குத் துணிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோடையில் கிணறு வற்றி, பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். என் மனைவிக்குச் சீதபேதி கண்டது. ஓமத்திரவம், மாதுளந்தோல், மோர் என்று ஐந்து நாள் போயிற்று. கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"ரயிலேத்தி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ரெண்டு நாள் பாப்போம்" என்றேன், டாக்டர் தோரணையில்.

தொழிற்சாலையில், தோல் ஊறப்போடும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியிடம் புலம்பினேன்.

"இன்னா ரைட்டரே, நம்ம ஆவாரம்பட்டை மலையாட்டம் கெடக்குது, எதுக்கு பேஜாரு? ஆட்டுத்தோலையே இறுக்குது. மனுச குடலு எம்மாத்தம்?"

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"நானா? எனுக்குத்தான் வயிறு நல்லா கீதே!"

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். ஆவாரம்பட்டை துவர்ப்பு, பேதியைக் கட்டும் என்றிருந்தது. அளவு போட்டிருந்த இடத்தைச் செல் அரித்திருந்தது. அதனாலென்ன? தொட்டிக்கு எத்தனை கூடைப் பட்டை என்று தினமும் எழுதுகிறவன் நான். தொட்டித் தண்ணீரின் நிறம் வரும்வரை காய்ச்சினேன்.

"இன்னாங்க, இதுல தொட்டி வாசன வருது."

"மருந்துன்னா அப்படித்தான்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மூன்று வேளை.

மறுநாள் பேதி நின்றது. ஆபீசில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரியின் மைத்துனருக்கும் கஷாயத்தைச் சிபாரிசு செய்தேன். அவர் புத்திசாலி, குடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் அவள் வயிறு மத்தளம் போல் உப்பியிருந்தது. அனலாய்க் காய்ச்சல். சேலை நுனி பட்டால்கூடக் கத்தினாள். என் மூன்று நூல்களிலும் இதற்கு ஒரு வரியும் இல்லை. ரயிலில் வேலூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை அவளுக்குக் கண் செருகிவிட்டது.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேதிய நிறுத்த ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலீங்க. மோருதான்" என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமலே. அந்த நிலையிலும் என் மானம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதைவிடக் கேவலம், எனக்கும் பெரிதாக இருந்தது. டாக்டரம்மா 'மோர்' என்று சீட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த வரியைத் தொடங்கும்போதுதான் என் வாய் திறந்தது.

"பட்டைக் கஷாயம் குடுத்தேன்."

"என்ன பட்டை?"

"தோல் பதனிடுறது."

"எவ்வளவு?"

"தொட்டி நிறம் வர்ற வரைக்கும்."

பேனாவைக் கீழே வைத்தார். "இவங்க தோலா?"

என் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி பேனாவை எடுத்தார். எழுதியதை அடித்துவிட்டு நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார். பிழைப்பாள் என்று அன்று மாலை வரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பிழைத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பாதி உடம்பாக வீடு வந்தாள். கஷாயத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், வெறும் தண்ணீரே ஆனாலும், டம்ளரை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து நிறம் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.