தண்ணீர் வரக் கூடாத போர்

ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டித் தொழிலில் தண்ணீர் வந்தால் மாலை, வராவிட்டால் வசவு. எனக்கு மட்டும் தண்ணீர் வந்ததற்கே வசவு கிடைத்தது. மூன்று ஆபீஸ் ஏறி ஒரு காகிதம் வாங்கிய பாவப்பட்டவர்கள் உங்களில் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

தெளித்தேன்

திண்டிவனத்தில் ஒரு போர் வண்டியில் கூலிக்குச் சேர்ந்து, அடிபட்டு மிதிபட்டு சொந்த வண்டி வாங்கினவன் நான். பேரம் பேசாமல் டீகூடக் குடிக்க மாட்டேன். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒரு காலனியை ஒட்டிய புறம்போக்கில் வேலை வந்தது. பூமிக்குள் இருக்கும் சூட்டை அளக்கக் குழி. கல்லூரியின் ஆராய்ச்சி, அரசின் அனுமதி, கம்பெனியின் செலவு. சூடு தேறினால் அதை வைத்து மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உலர்த்தும் கூடம் கட்டுவார்களாம்.

முந்நூறு அடியில் மண்புகை நின்று சேறு பீறிட்டது. பழக்க தோஷம்! "தண்ணி டோய்!" என்று கத்தி, முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி, பக்கத்தில் நின்ற சரோஜா தலையில் தெளித்துவிட்டேன். நிலத்துக்காரர்களுக்கு எப்போதும் செய்வது அது. சரோஜா காலனிக்காரர், கரண்ட் வரும் நேரம் பார்த்து, அடுத்தவர் கரும்புக் கொல்லை மோட்டாரில் குடம் பிடிக்கிறவர். காலனியே குடத்தோடு ஓடி வந்தது. கம்பெனி இன்ஜினியர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்: "யோவ், தண்ணி வந்தா குழி வேஸ்ட்டுய்யா!"

சிமெண்ட் மூட்டை

ஓடுகிற தண்ணீர் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அளவு பொய்யாகிவிடும் என்று ஆராய்ச்சி மாணவி வினோதினி விளக்கினார். தண்ணீர் வந்த குழியை சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் வேறு குழி போட வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருந்தது. நான் அதில் ரேட்டை மட்டும்தான் படித்திருந்தேன்.

பெண்கள் சிமெண்ட் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "எழுந்திரிங்க! மூடணும்னு எனக்கு மட்டும் ஆசையா?" என்று கத்தினேன். சரோஜா என் முகத்தை நேராகப் பார்த்தார்: "தலையில தெளிச்சது நீதானே அண்ணே, இப்ப நீயே எங்க வாயில மண்ண போடுறியா?"

மூன்று பேனா

அன்று சிமெண்டைப் பிரிக்கவில்லை. மறுநாள் மூன்று தரப்பையும் குழியருகே நிறுத்தினேன். அதுவரை அவர்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் மெயிலில்தான். "தண்ணிக்கு போர் போட எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார் அரசு அதிகாரி. "தொறந்து கெடந்து கொழந்த வுழுந்தா கேஸ் எங்க மேல" என்றார் இன்ஜினியர். "இங்க தண்ணி எடுத்தா அந்தப் பக்கக் குழியில அளவு ஆடும் சார்" என்றார் வினோதினி. மூன்றும் நியாயம், அதுதான் பேஜாரு. அநியாயக்காரனோடு பேரம் பேசி எனக்குப் பழக்கம். நியாயத்தோடு பேசிப் பழக்கமில்லை.

ஒவ்வொருவராகப் பிடித்தேன். மோட்டார் வேண்டாம், கைப்பம்பு போதும். குழிக்கு இரும்பு மூடி வெல்டிங் என் பொறுப்பு. ஊராட்சி மனு கொடுக்கும், அதிகாரி குழியை அதன் கையில் ஒப்படைப்பார். வினோதினி மட்டும் மசியவில்லை. புதுக் குழி போட்டு, தோண்டிய சூடு அடங்கி, பூமி தன் நிலைக்கு வர மூன்று மாதம். அதுவரை இங்கே ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. "ஒரு மாசம்" என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார். "ஒண்ணரை?" அதற்கும் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் ஓரமாக நின்ற சரோஜா, "மூணு மாசம் பொறுத்து இருக்கோம்மா" என்றார்.

வண்டி பானட்மேல் காகிதத்தை விரித்தேன். முதலில் யார் கையெழுத்துப் போடுவது என்று மூன்று பேனாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சரோஜாவுக்குத் தாங்கவில்லை: "எங்க வூட்டுக்காரரு தாலி கட்டக்கூட இவ்ளோ யோசிக்கல, ஜல்தியா போடுங்க சார்!"

வெல்டிங் மிஷின்

இரண்டாம் மாதம் கரும்புக் கொல்லை மோட்டார் எரிந்துபோனது. சரியாகும் வரை காலனிப் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் சுமந்தார்கள். அந்த வழியாக விழுப்புரம் போனவன், வண்டியை நிறுத்தி சரோஜாவிடம் மெதுவாகச் சொன்னேன்: வண்டியில் வெல்டிங் மிஷின் இருக்கிறது, மூடியை வெட்டித் தருகிறேன், ரெண்டு நாள் இறைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது.

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "அளவுல தெரிஞ்சிடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. நம்பிட்டுப் போயிருக்குது, நீங்க மிஷின தூக்கிக்கினு கெளம்புங்கண்ணே."

கைப்பம்பு

மூன்றாம் மாத முடிவில் வினோதினி புதுக் குழிக்குள் தெர்மாமீட்டர் ஒயரை இறக்கினார். லேப்டாப்பில் கோடு ஆடாமல் வந்தது. அடியில் சூடு இருக்கிறது. கூடத்துக்குப் போதுமா என்பதை இன்னும் ரெண்டு குழி போட்டுத்தான் சொல்ல முடியுமாம். அதே வாரம் கைப்பம்பு வந்தது. சரோஜா குடத்தை நிரப்பிவிட்டு வினோதினியைக் கூப்பிட்டார்: "சூட்ட வேணும்னா எடுத்துக்கோ தாயி, தண்ணிய மட்டும் எங்களுக்கு வுட்டுடு."

ஆராய்ச்சியும் அரசும் கம்பெனியும் கைகோத்த திட்டம் என்று அங்கே இப்போது போர்டு நிற்கிறது. காகிதத்தில் கையெழுத்தே போடாமல் வாக்கைக் காப்பாற்றிய நாலாவது கட்சியின் பேரை எழுதத்தான் அதில் இடமில்லையாம்.