பத்தூலின் பல்லக்கு

"நல்லா ஆடுங்கடா! நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று பல்லக்கின் மேலிருந்து அதட்டுகிறாள் பத்தூல். கையில் விளிம்புவரை புதினாத் தேநீர். மணப்பெண்ணை ஏற்றுமுன் தானே ஏறி ஒரு சுற்று வருவது அவள் வழக்கம். தேநீர் தளும்பிச் சிந்தினால், தூக்குகிற நால்வரின் இடத்தையும் மாற்றுவாள்.

நால்வரில் ஒருவனான இத்ரீஸ் முனகுவான்: "அக்கா, உன்னத் தூக்கின பெறகு பொண்ணு பஞ்சு மாதிரி இருக்கா."

"அதுக்குத்தாண்டா நான் சாப்பிடறதே!"

எங்கள் மெக்னஸ் நகரில் மணப்பெண்ணுக்கு உடுத்தி, நகை பூட்டி, பல்லக்கேற்றி, தூக்குகிறவர்கள் ஆடியபடியே மண்டபத்தைச் சுற்றவைப்பது அவள் தொழில். முதல் கல்யாணத்திலேயே பெயர் கெட்டது. படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று அழகான நான்கு பேரைப் பொறுக்கினாள், உயரத்தைப் பார்க்கவில்லை. பெண் சறுக்கி, மாப்பிள்ளையின் மாமா மடியில் வந்து விழுந்தாள். அடி ஒன்றும் படவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? 'பொண்ணக் கவுத்தவ' என்று பட்டம் கட்டியது.

யாரும் அழைக்கவில்லை. வேறொரு அலங்காரக்காரியிடம் ஊசி எடுத்துக் கொடுக்கும் கையாளாகப் போனாள். தூக்குகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்க அங்கேதான் கற்றாள். இப்போது அந்தக் கதையை அவளே நடித்துக் காட்டுவாள், மாமாவின் திருதிரு முழி உட்பட. "அன்னிக்கு அவ விழலேன்னா, இன்னிக்கும் மூஞ்சியப் பாத்துத்தான் ஆள் எடுத்துக்கிட்டிருப்பேன்." எனக்கு அவளைப் பிடித்துப்போனதே இந்தச் சிரிப்பால்தான்.

போன வாரம் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். பெண்ணின் தாய் நஜாத்துக்குப் பழைய கதை தெரியும். "எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் இந்த ஊர்ல உனக்குப் பொழப்பே கெடையாது" என்று முன்பே சொல்லிவிட்டாள்.

வரவேற்பில் பேரீச்சம்பழத்தோடு கொடுத்த பால் தரையில் சிந்திக் கிடந்தது. இரண்டாம் சுற்றில் இத்ரீஸ் அதில் கால் வைத்தான். ஒரு முட்டி மடங்கியது, பல்லக்கு சாய்ந்தது.

"மூணு பேரும் முட்டிய மடக்குங்க!" பத்தூலின் குரல் மேளத்தைத் தாண்டி ஒலித்தது. மூவரும் தாழ்ந்தார்கள், பல்லக்கு நிமிர்ந்தது. "இப்ப சேந்து எழுந்திரிங்க!" எழுந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது புது ஆட்டம் போலிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மேலே மணப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தூல் தன் பட்டுச் சால்வையை உருவிப் பாலைத் துடைத்தாள்.

நஜாத் வெளிறிப்போய் ஓடிவந்தாள். "போதும்டி, எறக்கிடு!"

பத்தூல் நால்வரின் தோள்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒற்றை விரலை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்: இன்னொரு சுற்று.