பின்னறை வகுப்பைத் தொடங்கியவர்

அக்காவுக்கும் தம்பிக்கும் ஆயுள் முழுவதும் ஒரே வழக்குதான். சொத்து வழக்கல்ல, அதற்கு வேண்டிய சொத்து அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. நவீன வரலாற்றுப் படிப்பைத் தொடங்கி வைத்த பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்பதே வழக்கு.

தம்பி மாலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். மூல ஆவணங்களை மேஜையில் பரப்பி, மாணவர்களோடு உட்கார்ந்து அலசிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பேராசிரியரே அவர் கட்சி. அக்கா அதே கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்ட செய்தியை அப்படியே நம்பாதே, சமூகம் நடக்கும் விதத்தோடு ஒத்துப்போகிறதா என்று நிறுத்துப் பார் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்ட வட ஆப்பிரிக்க நீதிபதி அவர் கட்சி.

ஞாயிறு தோறும் தம்பி, பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருந்த அக்காவின் மாடி வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே வாதம் தொடங்கிவிடும்.

"உன் நீதிபதி பெரிய ஆளுதான். ஆனா அவருக்குப் பின்னால ஒரு வகுப்பு உண்டா, ஒரு வரிசை உண்டா?"

"கூட்டம் சேர்த்தவனுக்கு மாலை, யோசிச்சவனுக்கு மூலையா? நல்லா இருக்குடா உன் நியாயம்."

"யோசிச்சா போதுமா? நடத்திக் காட்டணும்க்கா."

"பேசிப் பேசித் தொண்டை காய்ஞ்சிருக்கும். இந்தா, தண்ணியக் குடி. குடிச்சிட்டுத் தோத்துப் போ."

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லூரியில் புதிய வாசிப்பறை கட்டினார்கள். கல்லூரியில் வரலாற்று வகுப்பை முதலில் தொடங்கியவரின் பெயரை அங்கே கல்லில் பொறிப்பது என்றும், அந்தப் பெயரைத் தம்பியே தீர்மானித்துச் சொல்வது என்றும் முடிவாயிற்று.

கல்லூரிக் காகிதங்களின்படி தொடங்கியவர், பட்டத்தோடு வந்த முதல் துறைத் தலைவர். ஆனால் அந்தத் துறை பிறப்பதற்கு முன்பே, நூலகத்தின் பின்னறையில், வேலை முடிந்து வந்தவர்களை அக்கா உட்கார வைத்திருக்கிறார். பழைய நகராட்சி அறிவிப்புகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இதை எழுதியது யார், எதற்காக எழுதினார், எதை மறைத்தார் என்று கேட்டிருக்கிறார். கூட்டம் பெருகிய பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டு துறையைத் தொடங்கியது. தம்பி அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வாயால் கேட்டது.

அவர் அதைச் சந்தேகித்ததே இல்லை. ஆயினும், ஒருவரோடொருவர் கலந்து பேசாத இரண்டு சாட்சிகள் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுதும் காத்த விதி. சொந்த அக்கா என்பதால் அந்த விதியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என் பேர் வரும்ல?" என்று முடிவு தெரிந்த ஞாயிறு அக்கா கேட்டார். அவர் தமக்கென்று எதையும் கேட்டுத் தம்பி பார்த்ததில்லை.

"சாட்சி வேணும்க்கா."

"அவ்வளவுதானே? அந்தப் பின்னறையில படிச்ச ஒரு நர்ஸம்மா இன்னும் இருக்காங்க. அச்சகத்துல பைண்டிங் பண்ணினவர் ஒருத்தர். பேர் சொல்றேன், போய்க் கேளு."

தம்பி கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாத. நீ காட்டின ஆளை நான் கேட்டா அது சொல்லிக் கொடுத்த சாட்சி. நானே தேடணும்."



தம்பி தேடினார், கல்லூரிக் காகிதங்களில் மட்டும். பதிவே இல்லாமல் நடந்த வகுப்பு பதிவில் எப்படி அகப்படும்? குறித்த தேதி நெருங்கியது. கல்லில் அந்த முதல் துறைத் தலைவரின் பெயர் ஏறியது.

திறப்பு விழாவுக்கு அக்கா இஸ்திரி போட்ட சேலையில் வந்தார். கல்லை நின்று நிதானமாகப் படித்தார். "எழுத்து அழகா வெட்டியிருக்கான்" என்றார். 

தம்பிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று கேட்டார்: "அக்கா, அந்த நர்ஸம்மா பேரைச் சொல்லு. நான் போய்க் கேக்கறேன். கல்லை மாத்தச் சொல்றேன்."

"ஞாபகம் இல்லடா."

"அந்த பைண்டிங் ஆளு?"

"வயசாச்சுல்ல, எதுவும் நிக்க மாட்டேங்குது. உள்ள வா, ஏன் வாசல்லயே நிக்கற?"

நூலக அலமாரியில் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருந்தது என்பதை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். தம்பிக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு வழி தோன்றாமல், வேண்டுமென்றே சீண்டினார்.

"உன் நீதிபதி எழுதினதுல என்னக்கா புதுசு? எல்லாம் சும்மா பேர்."

அக்கா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தலையணை உறை ஒன்றை உதறி, ஓரங்களைச் சேர்த்தார்.

"நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கேலி இருக்கிறதா என்று தம்பி அந்த முகத்தைத் தேடினார். இல்லை. மடித்த உறையைத் தட்டின் மேல் வைத்துவிட்டு, அக்கா அடுத்ததாகப் போர்வையை எடுத்தார். தம்பி எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை வரை இருவரும் வானிலையைப் பற்றியும் மருந்து விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.