பைக்குள் கிடந்த மெழுகுதிரிகள்

பத்து வருட மனச்சோர்வு எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. கடைசியில் வெள்ளவத்தையில் கெட்டமின் ஊசி போடும் ஒரு கிளினிக்கைத் தேடிப் பிடித்தேன். கொட்டாஞ்சேனையில் என்னோடு இருக்கும் மாமியாரிடம், கொச்சிக்கடைக் கோயிலுக்குச் செவ்வாய் நவநாள் செபத்துக்குப் போவதாகச் சொல்லித்தான் இரண்டு முறை டாக்டரைப் பார்த்தேன். இரண்டு முறையும் மாமி, கோயிலில் கொளுத்தச் சொல்லி ஒரு மெழுகுதிரி தந்தனுப்பினார்.

ஊசி போடும் நாளில் நர்ஸ் கேட்டார். "கூட வந்தது ஆர்? ஊசிக்குப் பிறகு தனியப் போக விடமாட்டம்."

முதலிலேயே சொல்லியிருந்தார்கள். கேட்க ஆளில்லாமல் தனியே வந்துவிட்டேன். கணவர் கட்டாரில். வேறு வழியில்லாமல் மாமிக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"கோயிலுக்குப் போகேல்ல எண்டு தெரியும் பிள்ளை. ரெண்டு மெழுகுதிரியும் உன்ர பைக்குள்ளயே கிடந்துது."

"பிறகேன் மாமி கேக்கேல்ல?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தனான். இரு, த்ரீவீல் பிடிச்சு வாறன்."

வந்தார், கூட்டிப்போகும் ஆளாகக் கையெழுத்து வைத்தார். ஊசி போட்டுத் திரும்பும்போது த்ரீவீல் கோயிலைத் தாண்டியது. மாமி நிறுத்தச் சொல்லவில்லை. "களைச்சுப்போனாய், சாஞ்சுகொள்" என்று தோளைத் தந்தார்.

ஊசி கேட்குமா, தெரியாது. பத்து வருடமாக நான் சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்ததை, அன்றுதான் ஒருவர் களைப்பு என்றார்.