யானை மார்க் மசாலாத் தூள்

சாச்சா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். பெட்டியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவரே எல்லோருக்கும் படித்துக் காட்டினார். வாப்பாவின் தம்பியான அவர், அங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிட்டங்கியில் சவர்க்காரப் பெட்டிகளைச் சுமந்தவர். சுமந்துகொண்டே, அந்தச் சோப்பு எப்படி விற்கிறது என்பதையும் கவனித்துவிட்டாராம். சரக்குக்கு ஒரு பெயர் வேண்டும். பெயருக்கு ஒரு படம் வேண்டும். பிறகு ஊருக்கெல்லாம் கொஞ்சம் சும்மா கொடுக்க வேண்டும். இதற்கு அவர் 'வியாபாரத் திட்டம்' என்று பெயர் வைத்திருந்தார். எட்டு வயதுப் பெண்ணான எனக்கு அந்தச் சும்மா கொடுக்கும் பகுதி மட்டும் பிடித்திருந்தது.

திட்டம் எங்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது. மலாக்காவின் துக்காங் எமாஸ் தெருவில் வாப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. ஊருக்குக் கப்பலேறிய ஒரு கடைக்காரரிடம் மல்லியும் மிளகாயும் மூட்டை மூட்டையாக வாங்கி, எல்லாவற்றையும் மசாலாத் தூளாக அரைத்தும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து வாடிக்கைக்காரர்கள் காணாமல் போனார்கள். கடையில் இடமில்லாமல் தூள் டின்கள் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறின. வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் தும்மிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது வாப்பா முடிவைச் சொன்னார். நோன்பு மாதத்துக்குள் தூள் விற்காவிட்டால் வாடகை வீட்டை விட்டுவிடுவது. அவரும் சாச்சாவும் கடை மாடியில் தங்கிக்கொள்வது. உம்மாவும் நானும் ஊருக்குப் போய்விடுவது. ஊர் என்று அவர் சொன்னது கடல் தாண்டி, தமிழ்நாட்டில் அவர் பிறந்த ஊரை. உம்மா பிறந்ததும் வளர்ந்ததும் மலாக்காவில். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. பாதித் தமிழும் பாதி மலாயும் பேசுகிற அவளை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் வாப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனால் மறுநாள் மீன் கருகிப் போயிருந்தது. உம்மா மீனைக் கருக விட்டு நான் பார்த்ததே இல்லை.

சாச்சா மளமளவென்று வேலையில் இறங்கினார். காஜா என்றால் மலாயில் யானை. எங்கள் பகுதியின் பெயரிலேயே யானை இருக்கும்போது வேறு படம் எதற்கு என்று 'யானை மார்க்' என்றே முடிவு செய்தார். சீன அச்சுக்கூடத்தில் சொல்லிச் சிவப்பு மையில் யானைப் படம் போட்ட சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடித்து வந்தார். சீட்டு ஒட்டிய பொட்டலங்களைச் சந்தை முனையில் மேளம் அடித்து, போகிற வருகிறவர் கையிலெல்லாம் திணிப்பதாக ஏற்பாடு. முந்திய நாள் மாலை உம்மா கஞ்சிப் பசை காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் ஒரு சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள்.

"தம்பி, இது பாபி மாதிரில்ல இருக்கு" என்றாள்.

மலாயில் பாபி என்றால் பன்றி. எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத பிராணி. சாச்சா சிரிக்கப் பார்த்தார். வாப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. தந்தம் இருக்கிறதே, துதிக்கை இருக்கிறதே என்று சாச்சா வாதாடினார். காட்டுப் பன்றிக்கும் கோரைப்பல் உண்டு, மூக்கும் நீளம்தான் என்றார் வாப்பா. கடைசியில் உம்மா என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளை பொய் சொல்லாது, அவளையே கேளுங்கள் என்றாள். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் சீட்டைப் பார்த்தேன், உம்மாவைப் பார்த்தேன், பன்றி என்றேன். சத்தியமாக எனக்குப் பன்றிதான் தெரிந்தது.

"முஸ்லிம் கடைச் சரக்கு மேல இதை ஒட்டினா எவன்டா வாங்குவான்? எல்லாத்தையும் அடுப்புல போடு" என்றார் வாப்பா.

யானைகள் எல்லாம் அடுப்புக்குள் போயின. சாச்சா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சற்றுக் கழித்து உம்மா அவரிடம் போய், படம் போனால் போகட்டும், சும்மா கொடுப்பது என்ற மூன்றாம் பகுதி இன்னும் இருக்கிறதே என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். பொட்டலத்துக்குப் பதிலாகத் தட்டில் வைத்து அக்கம்பக்கத்துக்கு அனுப்பலாம் என்றாள். அவருக்கு மனமே இல்லை. ஆனாலும் தலையாட்டினார்.

நீலக் கரை போட்ட மங்குத் தட்டுகளில் ஒரு குழம்புக்குப் போதுமான தூளைக் குவித்து, வாழை இலையை வட்டமாக நறுக்கி மூடி, உம்மா என் கையில் கொடுத்தாள். தமிழர் வழிவந்து மலாய் பேசுகிற சிட்டிமார் வீடுகள், மலாய் வீடுகள், முனையிலிருந்த சீன வழி நோன்யா வீடு என்று நான் ஏறி இறங்காத படி இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு தட்டாகத் திரும்பி வந்தது, முட்டையோடு, சர்க்கரையோடு, சீப்பு வாழைப்பழத்தோடு. நோன்யா வீட்டு அம்மா, தன் அடுப்பில் சமைத்ததை நாங்கள் தொட மாட்டோம் என்று தெரிந்து, உரிக்காத ரம்புத்தானாக அனுப்பினாள். நான் வாழ்நாளில் அவ்வளவு பழம் தின்றது அந்த ஒரு வாரத்தில்தான்.

ஆனால் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மைனி, இது வியாபாரம் இல்ல, பெருநாள்" என்று சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டார். வாப்பா கப்பல் எப்போது புறப்படுகிறது என்று விசாரித்து வந்தார்.

உம்மா மட்டும் தட்டு கொண்டுவருகிற பெண்களைச் சும்மா போக விடவில்லை. பின்கட்டில் உட்கார வைத்து, வெற்றிலை கொடுத்து, குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒருத்தி காரம் தூக்கல் என்றாள். ஒருத்தி மாமியாருக்குச் சீரகம் கூடுதலாக வேண்டும் என்றாள். உம்மா அவர்கள் கண்ணெதிரே டின்னைத் திறந்து, சீரகமோ மல்லியோ கூட்டிக் கலந்து, முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண்கள் போகும்போது அந்தக் கலவையைக் காசு கொடுத்தே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வாரம் சிட்டி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, சென்ற வாரம் எனக்குக் கை நிறையச் சர்க்கரை கொடுத்தவள், ரிக்ஷாவில் வந்து இறங்கினாள். மகளுக்குக் கல்யாணம், பந்தி முழுவதற்கும் தூள் இந்தக் கையால் கலந்ததாகவே இருக்க வேண்டும் என்றாள். பந்தியில் சாப்பிட்டவர்கள் எந்த வீட்டுத் தூள் என்று விசாரித்து வந்தார்கள். நோன்புப் பிறை தெரிவதற்குள் வீட்டில் தும்மல் நின்றுவிட்டது.

"நீங்க வர்றதா ஊருக்கு எழுதியிருந்தேன். வரலைன்னு எழுதிடணும்" என்றார் வாப்பா.

"எழுதுங்க" என்றாள் உம்மா. மீனைப் புரட்டிப் போட்டாள். அது கருகவில்லை. எனக்கு அன்று எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது.

மூன்றாம் பகுதியே இப்படி வேலை செய்ததென்றால், மூன்றும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாச்சா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மாவும் ஆமாம் தம்பி என்பாள். நானோ அந்தப் பன்றிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வளர்ந்தேன். அச்சுக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக அடித்திருந்தால் நாங்கள் கப்பலேறியிருப்போம் என்றே நம்பியிருந்தேன்.

சாச்சா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்த பிறகு அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது அந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. இரண்டாம் பகுதிக்கு எதிரே, மாதிரிக்காக ஒட்டிய ஒரு சீட்டு. சிவப்பு மை மங்கவே இல்லை. பானை வயிறு, முறம் போன்ற காது, தலைக்கு மேல் தூக்கிய நீளத் துதிக்கை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தும் பன்றி வரவில்லை.

உம்மாவுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, பார்வை மட்டும் குறையவில்லை. சீட்டை அவள் முன்னால் நீட்டி, இது என்ன என்று கேட்டேன். அன்று போலவே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆனை. நல்லாத்தானே போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டு காலையிலிருந்து வெறுமையாகவே கிடக்கிறது, அதில் ஏதாவது வைத்துக் கொண்டுபோய்க் கொடு என்றாள்.