சிங்கம் பார்க்காமல் வந்தவர்

கனடாவின் மொன்றியலில் பனி கொட்டிய ஒரு நாள், அதன் புறநகரான கர்க்லாண்டில் நடந்த பிறந்தநாள் விருந்துக்கு ஒருவர் கழுத்தில் தொலைநோக்கியுடன் வந்திருந்தார். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ஆபிரிக்கக் காடொன்றைப் பார்த்துவிட்டு முதல்நாள்தான் திரும்பியவராம். மட்டன் ரோல்ஸ் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதைக்கூடத் தொலைநோக்கியால்தான் பார்த்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆபிரிக்காவைப் பற்றி ஓர் அலுமாரி நிறையப் படித்தவன் நான். நேரில் கண்ட காட்டுவிலங்கு, பூங்காவில் என் சான்ட்விச்சைப் பறித்த அணில்தான்.

“சிங்கம் பாத்தனீங்களோ?” என்றேன்.

“இல்லை அண்ணை.”

உடம்புக்கு இதமாக இருந்தது.

“சண்டைக்காலத்தில அங்க எல்லா மிருகத்தையும் சுட்டுத் திண்டுட்டினமாம். இப்ப வேற நாட்டில இருந்து லொறியில கொண்டுவந்து விடுகினம். நான் நிக்கேக்க வரிக்குதிரையள் வந்தது. கதவைத் திறந்தாச்சு, ஒண்டும் இறங்கேல்லை. ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிண்டுதுகள். நாங்களும் அகதியா வந்திறங்கின அண்டைக்கு எயார்போட்டில அப்பிடித்தானே நிண்டனாங்கள்?”

பயணத்தையாவது மன்னித்திருப்பேன். இத்தனை வருடம் எழுதியும் அப்படியொரு வாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை.

காரில் மனைவி கேட்டாள். “அந்த மனிசன் என்னத்தைப் பாத்தவராம்?”

“ஒண்டுமில்லை. ஒரு சிங்கம்கூட இல்லையாம்.”

வரிக்குதிரைகள் கடைசியில் எப்படி இறங்கின என்று கேட்க அன்று என் பொறாமை விடவில்லை. பிறகு அவரைச் சந்திக்கவுமில்லை. எனக்கு அவை இன்னும் லொறியில்தான் நிற்கின்றன.